ஆயிரம் ரூபாய் வந்ததால் தோட்டத்தில் வேலை குறைந்ததா?

நிலா_உயர்தரம்:
சட்டம் போட்டுச் சம்பளத்தை உயர்த்தினால் வேலை குறையும் என்று பொருளியல் வகுப்பில் வரைபடம் போட்டுக் காட்டினார்கள். 2021இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனபோது அப்படித்தான் நடந்ததா? மலையகத்து ஆட்கள் சொல்லுங்கள்.

மஸ்கெலியாக்காரன்:
எங்கள் தோட்டத்தில் யாரையும் நிறுத்தவில்லை தங்கச்சி. ஒரு நாளில் எடுக்கவேண்டிய கொழுந்து அளவைக் கூட்டினார்கள். அம்மா கொழுந்து எடுப்பவர். சொன்ன கிலோவை எடுத்தால்தான் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் போட்ட 2019 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு அடிப்படைச் சம்பளம் 700. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை 900 அடிப்படை, 100 படி என்று வர்த்தமானியில் போட்டது. கம்பனிகள் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. எல்லோரும் ஆயிரத்தைப் பற்றியே பேசினார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் தொகை மட்டுமா இருந்தது? மாதம் எத்தனை நாள் வேலை, கிலோ அளவை யாரோடு பேசி முடிவுசெய்வது, இதெல்லாம் அதில்தான் இருந்தது. இங்கே 18 கிலோ 20 ஆனது. மழை மாதங்களில் அம்மா எடுத்துவிடுவார். வறட்சியில் செடியில் கொழுந்தே இருக்காது, அப்புறம் எங்கே எடுப்பது? அந்த மாதச் சம்பளச் சிட்டையில் பாதி அரைப்பேர்தான்.

பழைய_கிளாக்கர்:
தம்பி, கம்பனி பக்கமும் பாருங்கள். செலவில் பெரும்பகுதி கூலி. விலையோ கொழும்பு ஏலத்தில் முடிவாகிறது. இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு காலி, மாத்தறை, இரத்தினபுரி பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களுடையது. அங்கே தேயிலை விற்ற பணத்தில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, மிச்சம் தொழிற்சாலைக்கு. விலை விழுந்தால் இரண்டு பேருக்கும் விழும். நாட்கூலி அப்படி இல்லையே.

மஸ்கெலியாக்காரன்:
சரி அண்ணே, ஏலம் உண்மை. ஆனால் சிறு தோட்டக்காரருக்குக் காணி சொந்தம். இங்கே நாங்கள் குடியிருக்கும் லயமே கம்பனி கையில். வீட்டில் ஒருவராவது வேலைக்குப் போகாவிட்டால் லயத்தை விடச் சொல்வார்களோ என்ற பயத்தில்தான் பாதிப் பேர் இருக்கிறார்கள். வேறு முதலாளியிடம் போக வழியில்லாதவருக்குக் கூலியை உயர்த்தினால் வேலை குறைந்தே ஆகவேண்டும் என்பதில்லை. நிலா, ஒரே ஒருவர் மட்டும் ஆள் எடுக்கும் சந்தைக்கு வரைபடம் வேறு மாதிரி வரும், ஆசிரியரிடம் கேளுங்கள். தோட்டங்களில் ஆள் குறைவது உண்மைதான், ஆனால் பிள்ளைகள் தாமாகவே கொழும்புக் கடைகளுக்கும் கார்மெண்ட்ஸுக்கும் போகிறார்கள். 2022இல் விலைவாசி ஏறியதில் அந்த ஆயிரம் கரைந்தே போனது. 2024 செப்டம்பரில் 1,350 ஆக்கினார்கள். அதைக் கேட்டு என் தங்கை திரும்பியா வந்தாள்?

நிலா_உயர்தரம்:
நன்றி அண்ணா. அப்போ இப்போது கிலோ அளவை யார் முடிவுசெய்கிறார்கள்?

மஸ்கெலியாக்காரன்:
எங்கள் தோட்டத்தில் துரைதான், தோட்ட மனேஜர். காலையில் கங்காணி வந்து சொல்வார்.