புதுச்சேரியில் இரவு 8 மணிக்கு மேல் உள்ளூர்க்காரர்கள் எங்கே போவீர்கள்?

வணக்கம். நான் கடலூர் முதுநகர். அடுத்த மாதம் மதுரையிலிருந்து அக்காவும் மாமாவும் வருகிறார்கள். தூங்கா நகரத்திலேயே வளர்ந்தவர்கள், அதனால் புதுச்சேரியின் இரவைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மதுக்கடை வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் ராத்திரியை எப்படிக் கழிப்பார்களோ அப்படி ஓர் இரவு போதும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கடற்கரைச் சாலைதான். மாலையில் வண்டிகளை நிறுத்திவிட்ட பிறகு, காந்தி சிலையருகே 1836இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்த்தபடி பாறைமேல் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. அதை நிச்சயம் காட்டுவேன். ஆனால் அங்கே பாதிப்பேர் எங்களைப் போல வெளியூர்தானே!

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெத்தாங், அந்த இரும்புக்குண்டு விளையாட்டு, இன்னும் சாயங்காலங்களில் ஆடுகிறார்கள். எந்தத் திடலில் ஆடுகிறார்கள், ஓரமாக நின்று பார்க்க விடுவார்களா? மாமா கபடி ஆடியவர், எந்த விளையாட்டானாலும் நின்றுவிடுவார்.

அப்புறம் சாப்பாடு. 10 மணிக்கு மேல் நீங்களே குடும்பத்தோடு போகும் பரோட்டாக் கடை, இட்லிக் கடை எது? வெள்ளை நகரத்து விலையுயர்ந்த உணவகம் வேண்டாம், கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதியில் இருந்தால் ரொம்ப நல்லது. ஞாயிறு வந்தால் காந்தி வீதிச் சந்தை இரவு எத்தனை மணி வரை இருக்கும்?

அக்காவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. கடலூருக்குக் கடைசிப் பேருந்து எப்போது என்பதையும் சொல்லுங்கள்.