சிலந்தி அச்சத்துக்கான சிகிச்சையில் பயத்தை அடக்க வேண்டுமா?

கேள்வி (சோமனூர்):
தறிக்கூடத்து மூலையில் சிலந்தியைக் கண்டால் என் தங்கை தார்க்குச்சியை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடிவிடுகிறாள். சிலந்தியைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சையில் அவள் பயத்தை அடக்கிக்கொள்ள வேண்டுமா?

மறுமொழி (ஈரோடு):
அடக்கத் தேவையில்லை, ஐயா. பயம் எழுந்த நிலையிலேயே, அஞ்சிய தீங்கு நேரவில்லை என்பதை மனம் கற்றுக்கொள்வதுதான் இச்சிகிச்சையின் அடிப்படை. கலிபோர்னியாவில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், உயிருள்ள சிலந்தியின் முன் நின்று தம் பயத்தையும் அருவருப்பையும் மறைக்காமல் வாய்விட்டுச் சொன்னவர்களுக்கு, ஒரு வாரம் கழித்து, தோலின் வியர்வையில் வெளிப்படும் பதற்றம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. தங்கையைப் பேசவிடுங்கள், ‘ஒன்றுமில்லை’ என்று வாயை அடைத்துவிடாதீர்கள்.

மறுமொழி (பொள்ளாச்சி):
அருவருப்பு பயத்தைவிட மெதுவாகவே தணியும். பயம் குறைந்த பின்பும் ஒட்டடையைத் தொடக் கூசினால், சிகிச்சை தோற்றதாக எண்ணி நிறுத்திவிடாமல், அதையும் உளவியலாளரிடம் தனியாகச் சொல்லுங்கள்.