டிராப்டவுனில் வரிசை எண்ணைச் சேமிக்கலாமா? (தாலுகா சண்டை)

வேளிமலை:
முட்டம் நேற்று எழுதினது: "ஃபார்ம் பில்டருக்கு (கோடு எழுதாம படிவம் உண்டாக்குற கருவி) இழுத்துப் போடுற வசதி இருந்தாப் போதும். டிராப்டவுனில் தேர்ந்தெடுத்த பேருக்குப் பதிலா அதோட வரிசை எண்ணைச் சேமிச்சா டேட்டாபேஸ் மெலிசா இருக்கும்."

மெலிசாத்தான் இருக்கும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தையே போட்டுப் பாரும். பழைய நாலு தாலுகா: அகஸ்தீஸ்வரம் 1, கல்குளம் 2, தோவாளை 3, விளவங்கோடு 4. பிறகு கிள்ளியூரும் திருவட்டாறும் வந்தாச்சு. அகர வரிசையில் சேர்த்தா கிள்ளியூர் 3, திருவட்டாறு 4, தோவாளை 5, விளவங்கோடு 6. பழைய பதிவில் 3ன்னு கிடக்கிற தோவாளைக்காரர் அத்தனை பேரும் ராவோட ராவா கிள்ளியூருக்குக் குடிபோயிட்டாங்க. எர்ரர் ஒண்ணும் காட்டாது.

முட்டம்:
கடைசியில் சேர்த்தா 5, 6. முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு வே இவ்வளவு நீட்டு?

வேளிமலை:
இழுத்துப் போடுன்னு வசதி வச்சதும் நீரு, இழுக்காதேங்கிறதும் நீரு. கொள்ளாம்! ஃபார்மை மாத்தப் போறது புரோகிராமர் இல்ல, ஆபீஸ் கிளார்க். கட்டாயம் இழுப்பாரு. ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் உள்ளே சேமிக்க மாறாத கீ (அடையாளக் குறி) ஒண்ணு, திரையில் தெரிய லேபிள் ஒண்ணு. துருபல்ங்கிற (Drupal) இணையதள மென்பொருளோட லிஸ்ட் ஃபீல்டுல கீ தனி, லேபிள் தனி. பயன்பாட்டில் இருக்கிற கீயை நீக்கப் போனா விடாது. வேண்டாத ஆப்ஷனை அழிக்கப்படாது, புதுசா நிரப்புறவருக்கு மட்டும் மறைக்கணும்.

பேச்சிப்பாறை:
எண்ணும் வேண்டாம், கீயும் வேண்டாம். பேரையே சேமிங்க. எக்செல்ல எடுத்தா யாருக்கும் புரியும்.

வேளிமலை:
நாளைக்கு ஒருத்தர் லேபிளை 'அகத்தீஸ்வரம்'னு திருத்துவாரு. ரிப்போர்ட்டில் ஒரே தாலுகா ரெண்டா வந்து நிக்கும்.

தோவாளைப்பூ:
அண்ணாச்சிமாரே, தாலுகாவை விடுங்க. 'திருமணமானவரா?'வுக்கு 'இல்லை' கொடுத்தா துணைவர் பெயர் மறையுது, அதோட சப்மிட் பட்டனும் வேலை செய்ய மாட்டேங்குது. ஏன்?

வேளிமலை:
சிஎஸ்எஸ்ஸால (தோற்றத்தை மாத்துற கோடு) மறைச்சிருப்பீங்க, ரெக்கொயர்டு (கட்டாயம் நிரப்பணும்ங்கிற குறி) அப்படியே கிடக்கும். மறைஞ்ச கட்டத்தில் கர்சரை வைக்க பிரவுசருக்கு வழியில்ல, பேசாம நின்னுடும். மறைக்கும்போதே அந்தக் கட்டத்தை முடக்குற டிஸேபிள்டு குறியைப் போடுங்க. சர்வர்லயும் அதே நிபந்தனையை மறுபடி பார்த்து, மறைஞ்ச ஃபீல்டைச் சோதிக்காம விடணும். ஆனா தாலுகாவை விட முடியாது.

முட்டம்:
கீ கீன்னு குதிக்கிறீரே. அன்னைக்குக் கல்குளம்னு போட்ட திருவட்டாறுக்காரர் இன்னைக்கு வேற தாலுகா. உம்ம கீ அதைத் திருத்துமா?

வேளிமலை:
திருத்தப்படாது. அன்னைக்கு அவர் சொன்னது கல்குளம். ஒவ்வொரு சப்மிஷனோடயும் ஃபார்மோட பதிப்பு எண்ணையும் சேமிச்சா, அப்ப பட்டியலில் நாலுதான் இருந்ததுன்னு தெரியும்.

முட்டம்:
அப்படி வாரும்! பதிப்பு எண் இருந்தா என்னோட 3ம் தோவாளைன்னே படிக்கும்லா?

வேளிமலை:
படிக்கும், ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் பழைய பதிப்பை எல்லாம் தோண்டி எடுத்து ஒட்டினா. புது ஃபீல்டு வகை எழுதுறவன் வரைய, சோதிக்க, சேமிக்க, எக்ஸ்போர்ட் பண்ண நாலு ஃபங்ஷன் கொடுத்தாப் போதும்னு இருக்கணும். உம்ம வழியில எக்ஸ்போர்ட் எழுதுற ஒவ்வொருத்தனும் பழைய பதிப்பெல்லாம் தேடி அலையணும். மெலிசா இருக்கும்னீரே, யாருக்கு?

முட்டம்:
கடைசியில் சேர்த்தா 5, 6. அதுக்கு இன்னும் பதில் வரல.

பேச்சிப்பாறை:
முட்டம் போன தடவை செஞ்ச ஃபார்ம்ல 04652 எல்லாம் 4652ன்னு வந்தது ஞாபகம் இருக்கா? நாகர்கோவில் எஸ்டிடி கோடுல பூஜ்யத்தைத் தின்ன ஆளு தாலுகாவுக்கு நம்பர் போடுதாரு.

முட்டம்:
அது எக்செல் தின்னது! சிஎஸ்வியை (கமா போட்டுப் பிரிச்ச எழுத்துக் கோப்பு) அப்படியே திறந்தா எக்செல் முன்னால நிக்கிற பூஜ்யத்தை விட்டு வைக்காது. தெரியாம பேசப்படாது.

வேளிமலை:
டேட்டாபேஸில் இன்டீஜர் (முழு எண்) நெடுவரிசையில் போன் நம்பரை வச்சாலும் பூஜ்யம் போகும். போன் நம்பர் எழுத்தா இருக்கணும், ஃபார்ம் கட்டத்துக்கு டைப் டெல் (type="tel"). அதே சிஎஸ்வியை நோட்பேடில் திறந்து பாரும். அங்கயும் 4652ன்னா எக்செல் மேல பழி போடாதேயும்.

தோவாளைப்பூ:
டிஸேபிள்டு போட்டேன், சப்மிட் ஆகுது. 'ஆம்'னு மாத்தினா அதை எடுக்கணுமா?

வேளிமலை:
எடுக்கணும். இல்லன்னா துணைவர் பெயர் சர்வருக்கே போகாது. முட்டம் இன்னும் நோட்பேடைத் திறக்கல போல.

முட்டம்:
திறந்தாச்சு. அதை உமக்கு எதுக்கு வே சொல்லணும்?