வெருகல் திருவிழா, கோணேசர் வீதியுலா: உங்களுக்கு இன்னும் மறக்காமல் நிற்பது எது?

ஈச்சிலம்பற்றுப் பிள்ளை:

வெருகல் முருகனின் ஆவணித் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. ட்ரக்டர் பெட்டியில் வைக்கோல், பாய், கிடாரம், அரிசி மூட்டை. மருத மரத்தடியில் முந்திப்போய் இடம் பிடிப்பது. மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் அள்ளுவது. எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு நிற்பது காப்புக் கடை.

தேருக்கு முதல் நாள் அம்மா என்னையும் தங்கச்சியையும் காப்பு அடுக்கக் கூட்டிப் போவார். எப்போதும் ஒரே கடை. கண்ணாடிக்கு நூல் கட்டிப் போட்டிருக்கும் ஒரு வயதான முஸ்லிம் நானா. தேங்காயெண்ணெய் தொட்டு, பெருவிரலடி எலும்பை உள்ளே மடக்கி, நாம் வேறு பக்கம் பார்க்கும் நேரத்தில் காப்பை ஏற்றிவிடுவார். தங்கச்சிக்குக் கை சின்னது. அவளுக்கு மட்டும் அடிப்பெட்டியைத் திறந்து எடுப்பார்.

பிறகு 2006 சண்டை வந்தது. எங்கள் சனம் வாகரைப் பக்கம் ஓடியதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. திரும்பி வந்து, திருவிழா ஓரளவு பழையபடி நடந்த ஒரு வருடம், அதே நானா, அதே கடை. கண்ணாடி மட்டும் புதுசு. என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "சின்னவ வரல்லியா? அவட அளவு கிடக்கு. எடுத்துத் தரட்டா?"

தங்கச்சி அப்போது உயிரோடு இல்லை.

அம்மா, "ஓம், தாங்க. ஒரு டசின். சிவப்பு" என்றார். விலைகூடப் பேசவில்லை. காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததை வாங்கி மடியில் சொருகிக்கொண்டு நடந்தார்.

அம்மா ஏன் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்குகிறது. விளங்காதது அந்தச் சிவப்பு. தங்கச்சிக்குச் சிவப்பே ஆகாது. பச்சைதான் வேண்டுமென்று அந்தக் கடையிலேயே உருண்டு புரண்டு அழுதவள். அம்மாவுக்கு அது தெரியாமலா?

உப்பாற்றங்கரை:

பாலம் வந்த பிறகு வெருகலுக்குப் போனவர்களைத் திருவிழாவுக்குப் போனவர்கள் என்று நான் கணக்கெடுப்பதில்லை. கோபிக்க வேண்டாம்.

திருமலை (திருகோணமலை) டவுனிலிருந்து நாங்கள் புறப்பட்டால் கிண்ணியாவில் ஒரு பாதை (ஆளையும் வாகனத்தையும் ஏற்றி ஆறு கடத்தும் மிதவை), உப்பாற்றில் ஒன்று, கங்கையில் ஒன்று, இறால்குழியில் ஒன்று. ஒவ்வொரு துறையிலும் பஸ்ஸை விட்டு இறங்கி, பாதை அக்கரையிலிருந்து வரும்வரை காய வேண்டும். அம்மம்மா அதற்குள் ஒரு கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவார். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். இப்போது ஒரு பாட்டு முடிவதற்குள் கடந்துவிடுகிறோம். வசதிதான், இல்லையென்று சொல்லவில்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். அண்ணனுக்கு அம்மை வந்தபோது அப்பப்பா வெருகல் முருகனுக்குச் சேவல் நேர்ந்திருந்தார். நல்ல செம்பட்டைச் சேவல், கால் கட்டி, பன்பையில் தலை மட்டும் வெளியே. கங்கையில் பாதை நடு ஆற்றுக்கு வந்ததும் கட்டு எப்படியோ தளர்ந்துவிட்டது. சேவல் ஒரு லொறியின் கூரைக்குப் பறந்து, அங்கேயிருந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்து, ஒரு தரம் கூவிவிட்டு, கரைக் கண்டல் பற்றையை நோக்கிப் பறந்தது. கரை வரைக்கும் போய்ச் சேர்ந்ததா, தண்ணீரில் விழுந்ததா, ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை. அப்பா, "இனி நேர்த்திக்கு என்ன செய்யிறது?" என்று தலையில் கைவைத்தார். அப்பப்பா வெற்றிலையை மென்றபடி, "முருகன்ட கோழி முருகன்ட ஆத்துக்குள்ள நிக்குது. உனக்கென்ன?" என்றார்.

அதோடு முடிந்தது. வேறு சேவல் வாங்கவில்லை. அண்ணன் இன்றுவரை தனக்கு வரும் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அந்தச் சேவலைத்தான் காரணம் சொல்கிறான்.

டச்பே வீட்டுக்காரி:

திருமலை என்றால் கோணேசர்தானே, எல்லோரும் வெருகலையே எழுதுகிறீர்கள். நான் சொல்வது சுவாமி மலையிலிருந்து இறங்கி டவுனுக்குள் வருவாரே, அந்த நாட்களைப் பற்றி.

எங்கள் ஒழுங்கையில் வாசலுக்கு வாசல் நிறைகுடம் வைப்போம். அம்மம்மாவின் மேசைதான் பெரிது. வெள்ளை வேட்டி விரித்து, கும்பம், மாவிலை, தேங்காய், இரண்டு குத்துவிளக்கு, ஒரு சீப்புக் கதலி, செவ்வந்தி மாலை. 1950 இல் கோட்டைப் பக்கம் கிணறு வெட்டும்போது விக்கிரகங்கள் வெளிப்பட்டதும் ஊரே திரண்டுபோய்ப் பார்த்தது அவருக்கு நேற்று நடந்தது மாதிரி. பறங்கி இடித்த கோயில், சாமி அத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தது, 1963 இல்தான் திரும்பக் கும்பாபிஷேகம் கண்டது. "மண்ணுக்குள்ள இருந்து எழும்பி வந்தவர் வாசலுக்கு வரேக்க வாசல் வெறுமையாக் கிடக்கிறதோ?" என்பார். நோய் நொடி என்றாலும் மேசை மட்டும் தப்பாது.

ஒரு வருடம் மேளச் சத்தம் சந்தியில் கேட்கிறது. அம்மம்மா கற்பூரம் எடுக்க உள்ளே போனார். நான் மேசைக்குக் காவல். ரோட்டால் வந்த ஒரு புள்ளிமான், பெரிய கொம்பன், நேராக வந்து முதலில் மாவிலையை இழுத்தது. நான் "ச்சூ" என்றேன். அது என்னைக் கணக்கெடுக்கவே இல்லை. மாவிலை முடிந்து செவ்வந்திக்கு வந்தபோது மாலை அதன் ஒரு கொம்பில் மாட்டிக்கொண்டது. கும்பம் ஆடவில்லை, விளக்கு சாயவில்லை, அவ்வளவு பக்குவமாகத் தின்றது. சாமி வந்துவிட்டார். ஐயர் நிற்கிறார், தவில்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். மாலை போட்ட மான் மென்றுகொண்டே நிற்கிறது.

அம்மம்மா கற்பூரத் தட்டோடு வெளியே வந்து ஒரு கணம் பார்த்தார். எனக்குப் பூசை விழப் போகிறது என்றுதான் நினைத்தேன். "விடு பிள்ளை. அவர்ட கையில நிக்கிறதுதானே, பசிச்சு இறங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

திருமலை மண்:

மேலே எழுதியவருக்கு ஒரு சிறு திருத்தம். "அந்த நாட்கள்" என்றால் எந்த நாட்கள் என்று புதுப் பிள்ளைகளுக்கு விளங்காது. சுவாமி நகர்வலம் வருவது சிவராத்திரி முடிந்த கையோடு. ஆண்டுத் திருவிழா வேறு, அது பங்குனி உத்தரத்தன்று கொடியேறித் தொடங்கும். இரண்டையும் குழப்பி எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. போன மாதமும் ஒருவர் இப்படித்தான் எழுதி, நான் திருத்தப் போய், அவர் என்னை வெளியூர்க்காரன் என்றார். என் பாட்டன் பூட்டன் எல்லாம் திருமலை.

இன்னொன்று. மான்களுக்கு வாழைப்பழம், பொலித்தீனோடு சாப்பாடு எல்லாம் வைக்காதீர்கள். வயிறு ஊதிச் சாகின்றன. மாவிலை பரவாயில்லை.

எனக்குச் சொந்தமாக ஒரு அனுபவம் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

மூன்று பிள்ளைத் தகப்பன்:

இந்த வருடம் குடும்பத்தோடு வெருகல் போக இருப்பவர்கள் கவனத்துக்கு. ஆவணியில் கச்சான் காற்று தோலை உரித்துவிடும், தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நகை போட வேண்டாம், போட்டால் ஊசி குத்தி விடுங்கள். பிள்ளையின் கையில் போன் நம்பரைப் பேனையால் எழுதுங்கள், துண்டில் எழுதிப் பையில் வைத்தால் பிள்ளை அதை எறிந்துவிடும். ஆற்றில் தண்ணீர் குறைவு என்று இரவில் இறங்காதீர்கள், முதலை இருக்கிறது. தீர்த்தத்தன்று கூட்டத்தோடு குளித்துவிட்டுக் கூட்டத்தோடு ஏறிவிடுங்கள். மத்தியானம் மணல் கொதிக்கும், செருப்பைக் கோயில் வாசலில் கழற்றாமல் உங்கள் மரத்தடியிலேயே விட்டு, காலையிலும் பின்னேரத்திலும் மட்டும் போய்க் கும்பிடுங்கள். தெருவில் வெட்டி வைத்த பழம், கலர்த் தண்ணீர், நிறம் போட்ட தும்பு முட்டாஸ் எதுவும் வேண்டாம். கச்சானும் (நிலக்கடலை) அளவோடு. காவடிக்காரர் ஆடி வரும்போது முன்னால் நின்று போன் பிடிக்காதீர்கள். கற்பூரச் சட்டி எடுப்பவருக்கு வழி விடுங்கள், அவர் பார்த்து விலக மாட்டார். தேர் இழுக்கும்போது வடத்துக்கு உள்பக்கம் பிள்ளையை விடவே கூடாது. வாகனத்தை நிழல் பார்த்து விடாமல், வெளியே எடுக்க வழி பார்த்து விடுங்கள். இதெல்லாம் பட்டுத்தான் சொல்கிறேன்.

சின்ன வயதில் நானும் அங்கே தொலைந்தவன்தான். மைக் பிடித்தவர் அப்பாவின் பெயரைக் கேட்டார். எனக்கு அப்போது தெரிந்தது ஊர் கூப்பிடும் பெயர் மட்டும். "மேசன்" என்றேன். "நீலக் காற்சட்டை அணிந்த சிறுவன் ஒருவர் இங்கே நிற்கிறார், மேசன் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்." மூன்று மேசன்மார் வந்தார்கள், மூன்று பேரும் எங்கள் அப்பா இல்லை. அதில் ஒருவர் போகாமல் பக்கத்தில் குந்தியிருந்து, அப்பா வரும்வரை எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தந்தார். இன்றைக்கும் சாந்து பூசிய கையைக் கண்டால் எனக்கு அவர்தான்.

கிண்ணியா ராத்தா:

முதல் எழுதிய பிள்ளைக்கு. காப்பு விற்றவர் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் எங்கள் மூத்தவாப்பாவும் வெருகலுக்கும் மற்றக் கோயில்களுக்கும் காப்புப் பெட்டி கொண்டு போனவர். கையைப் பிடித்து ஏற்றுகிறவனுக்கு முகம் மறக்கும், கை மறக்காது என்பார். அதனால் அந்த நானா கேட்டது வியாபாரத் தந்திரம் இல்லை என்று நான் சத்தியம் செய்வேன்.

பள்ளிக்கூட லீவில் நானும் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். மத்தியானம் கோயில் அன்னதானச் சோறு எங்களுக்கும் இலையோடு வரும். தேர் எங்கள் பக்கம் திரும்பினால் மூத்தவாப்பா பெட்டியை ஒரு சாரத்தால் மூடிவிடுவார். அந்த நேரம் யார் கேட்டாலும் விற்க மாட்டார். ஒருவரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

எனக்கு நிற்பது ஒரு மனிசன். வயல்காரர், காலில் சேற்று வெடிப்பு. மடியிலிருந்து ஒரு ஈர்க்கு வளையத்தை எடுத்து நீட்டுவார். பெண்சாதியின் கை அளவு. "இதுக்குச் சரியா ஆறு தாங்க." அந்த அம்மா ஏன் வருவதில்லை என்று நான் சத்தமாகக் கேட்டுவிட்டேன். மூத்தவாப்பா என் தொடையில் கிள்ளினார். அந்த மனிசன் கோபப்படவில்லை. "அவ தேர் பாக்கப் போயிருவா மகள். எனக்கு இதுதான் திருவிழா" என்றார். அடுத்த வருடமும் அதே ஈர்க்குதான், காய்ந்து கறுத்து. பாதி வழியில் உடைந்தால் என்ன செய்வார் என்று எனக்கு ஒரே யோசனை.

இப்போது பேன்சிக் கடையில் பக்கற்றில் எடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த யாவாரம் மூத்தவாப்பாவோடு நின்றது.

தம்பலகாமத்தான்:

கச்சான் அளவோடு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். யாரும் கேட்காத புத்திமதி என்பதை விடுவோம், கச்சான் நீங்கள் தின்பதற்கு மட்டுமா வாங்குகிறீர்கள்? கோயிலுக்குப் போனவன் போகாதவனுக்குக் கச்சான் கொண்டுவர வேண்டும். எங்கள் பக்கம் அதைச் செய்யாவிட்டால் ஒரு வருடம் கதை வரும். சாமி கும்பிட்டாயா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

அப்பாவும் பெரியப்பாவும் வேலிச் சண்டையில் பேச்சு இல்லை. கலியாண வீடு, செத்த வீடு எதிலும் இல்லை. ஆனால் அப்பா வெருகலால் வந்த அன்று பின்னேரம், இரண்டு சுண்டு கச்சான் சரையைக் கையில் தந்து, "அங்க குடுத்திட்டு வா" என்பார். எங்கே என்று சொல்ல மாட்டார். நான் வேலிக் கண்டாயத்தால் நுழைந்து கொடுப்பேன். பெரியப்பா வாங்கி, கோதை உடைத்து ஒன்றைப் போட்டுப் பார்த்து, "இந்த முறை வறுவல் காணாது" என்று ஏதாவது குறை சொல்லுவார். அதையும் அப்பாவிடம் வந்து சொல்ல வேண்டும், கேட்காத மாதிரி இருந்து கேட்பார். ஐப்பசிக்குக் கந்தசட்டி முடிந்து அங்கிருந்தும் ஒரு பொட்டலம் இப்படித்தான் வரும்.

ஒரு வருடம் அப்பா தந்த பொட்டலம் பாரமாக, மெத்தென்று இருந்தது. பெரியப்பா பிரித்தார். கச்சான் இல்லை, மஸ்கட். எண்ணெய் ஊறி மினுங்குகிற சிவப்பு மஸ்கட், துண்டு துண்டாக வெட்டினது. பெரியப்பா அதைப் பார்த்தபடி கன நேரம் இருந்தார். பிறகு வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "நான் பல்லுக் கழட்டினது உன்ட கொப்பனுக்கு ஆர் சொன்னது?" என்றார்.

நான் சொல்லவில்லை. எனக்கே அப்போதுதான் தெரியும். அம்மாவும் இல்லையென்று சத்தியம் செய்தார். அவர்கள் கடைசிவரை பேசவும் இல்லை, அதை எழுதாமல் விட்டால் இது சினிமாக் கதையாகிவிடும். வேலியும் இன்னும் அப்படியேதான்.

மூன்று பிள்ளைத் தகப்பன்:

புத்திமதி என்று குறைவாகச் சொல்ல வேண்டாம், அனுபவத்தில்தான் எழுதினேன். பல் கழற்றினவர்களுக்கு மஸ்கட்டும் அவ்வளவு நல்லதில்லை, புண் ஆறும்வரை சீனி கூடாது. உங்கள் பெரியப்பாவுக்கு நீரிழிவு இருந்ததா? இருந்தால் அந்த வயதில் மஸ்கட் ஒரு துண்டுக்கு மேல்

தம்பலகாமத்தான்:

அண்ணன், அவர் செத்துக் கனகாலம். அந்தப் பொட்டலம் முழுவதையும் அன்றைக்கு இரவே முடித்துவிட்டுத்தான் படுத்தாராம், பெரியம்மா சொன்னா.

கிண்ணியா ராத்தா:

மஸ்கட் எந்த ஊர்க் கடையில் வாங்கினவர்? சிவப்பென்றால் எங்கள் ஊர்க்காரர்தான் போட்டிருப்பார்கள்.