ஆல்பென்குளோ: 'முகட்டுச்செக்கர்' பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

விடியலிலும் அந்தியிலும் சூரியன் கண்ணுக்குத் தெரியாதபோது மலை முகடு சிவப்பதை ஆங்கிலத்தில் ஆல்பென்குளோ (alpenglow) என்பார்கள். படம் எடுப்போருக்கான தமிழ்ச் சொல்லாக அதற்கு 'முகட்டுச்செக்கர்' என்று சொல்லியிருந்தேன். அதற்கு வந்த மறுமொழிகளுக்கு என் பதில் இது.

> 'மலையொளிர்வு' என்றே வைத்துக்கொள்ளலாமே. சுருக்கமாக இருக்கிறது, பார்த்ததும் புரிகிறது.

ஐயா, சுருக்கம் சரி. ஆனால் ஒளிர்வது என்றால் தானே ஒளி விடுவது; மின்மினி ஒளிரும், மலை ஒளிராது. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே இருக்கும்போது அதன் சிவந்த ஒளி காற்றிலுள்ள தூசியிலும் பனித்துகள்களிலும் பட்டுச் சிதறி முகட்டில் விழுகிறது. நேர் வெயில் அதில் இல்லை. நம் சொல்லில் இது தெரியவேண்டும் என்பதே என் வாதம். ஏனென்றால் படம் எடுப்பவருக்குச் சிதறிய ஒளியும் நேர் வெயிலும் வெவ்வேறு வேலை.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து டீட்டன் மலைகளைப் பாருங்கள். ஸ்னேக் ஆற்றின் வளைவோடு அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1942இல் எடுத்த படம் பலருக்கும் தெரிந்திருக்கும். 1977இல் வாயேஜர் விண்கலங்கள் சுமந்து சென்ற படங்களில் அதுவும் ஒன்று. (இன்று அதே இடத்தில் நின்றால், வளர்ந்துவிட்ட மரங்கள் ஆற்றை நிறையவே மறைக்கின்றன.) அங்கே மலை மேற்கில் இருக்கிறது, விடியலில் சூரியன் நம் முதுகுப்பக்கம். முதலில் மேற்கு வானில் பூமியின் நிழல் சாம்பல்நீலப் பட்டையாகவும், அதன்மேல் ஓர் இளஞ்சிவப்புப் பட்டையும் தெரியும். அவை கீழே இறங்க இறங்க, 4,199 மீட்டர் உயர கிராண்ட் டீட்டன் உச்சி சிவக்கத் தொடங்கும். அப்போது பாறை மடிப்புகளில் நிழலின் விளிம்பே இருக்காது, அவ்வளவு மென்மையான ஒளி. உச்சிக்கும் ஆற்றுக்கும் வெளிச்ச வேறுபாடு குறைவாக இருப்பதால் பெரும்பாலும் ஒரே எக்ஸ்போஷரில் (கேமராவுக்குள் விடும் ஒளியின் ஒரே அளவில்) இரண்டையும் பிடித்துவிடலாம்.

நேர் வெயில் உச்சியைத் தொட்டதும் கதை மாறிவிடும். ஒவ்வொரு முகடும் கூரிய நிழல் விழுத்தும். ஆறு இன்னும் இருட்டில் கிடக்கும். இரண்டுக்கும் மூன்று நான்கு ஸ்டாப் இடைவெளி எளிதாக வந்துவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு வெளிச்சம்). அப்புறம் மேல்பாதியை மட்டும் மங்கவைக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டர் போடவேண்டும், அல்லது இரண்டு எக்ஸ்போஷர் எடுத்து இணைக்கவேண்டும்.

ஆகவே இரண்டு சொற்கள் கேட்கிறேன். சிதறிய ஒளியில் சிவப்பது முகட்டுச்செக்கர். நேர் ஒளி உச்சியில் மட்டும் படுவது முகட்டுவெயில். இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கும் பழக்கம் ஆங்கிலத்தில் பரவிவிட்டது. நாம் தொடக்கத்திலேயே பிரித்துவிடலாம்.

> செக்கர் மாலை வானத்துக்குத்தானே? டிக்கெட் செக்கர் வேறு நினைவுக்கு வருகிறார்.

செக்கருக்கு அடிப்படைப் பொருள் சிவப்பு. மாலை வானத்துக்கு அது நிலைத்துவிட்டது உண்மைதான். 'காலை முகட்டுச்செக்கர்' என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் தீர்ந்தது. டிக்கெட் பரிசோதகரும் முகட்டோடு சேர்ந்து வரமாட்டார். 'செம்மை' என்று மாற்றினால் திருத்தம், ஒழுங்கு என்ற பொருள்கள் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இத்தாலியின் டோலமைட் மலைகளில் லாடின் மொழி பேசும் சிறிய சமூகம் இதற்குத் தன் சொல்லாகவே 'என்ரொசாதிரா' என்கிறது. இளஞ்சிவப்பாவது என்று பொருள். ஆல்ப்ஸ் பெயரை ஒலிபெயர்த்து வைத்துக்கொள்ள நமக்கும் தேவையில்லை.

சூரியன் தாழ்ந்திருந்து ஒளி பொன்னிறமாகும் வேளையான 'கோல்டன் அவர்' (golden hour) என்பதற்குப் 'பொன்மணி' வேண்டவே வேண்டாம். நகைக்கடைப் பெயர்போல இருக்கிறது, அது எல்லா இடத்திலும் சரியாக ஒரு மணி நேரம் நீடிப்பதும் இல்லை. அதற்குப் பொன்பொழுது, சூரியன் தொடுவானத்துக்குக் கீழே இருந்து வானம் நீலமாகும் 'புளூ அவர்' (blue hour) என்பதற்கு நீலப்பொழுது போதும். நீலப்பொழுதின் விளக்கத்தில் ஓசோனையும் குறிப்பிடவேண்டும்: அந்தியில் ஒளி நெடுந்தூரம் காற்றைக் கடந்து வரும்போது ஆரஞ்சுப் பகுதியை ஓசோன் உறிஞ்சிக்கொள்கிறது, உச்சி வானம் ஆழ்ந்த நீலமாகிறது. நிழலில் கிடக்கும் ஆறு அந்த நீலத்தைத்தான் காட்டுகிறது. கேமரா தானே நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இந்த நீலத்தையும் முகட்டின் சிவப்பையும் நிறப்பிழை என்று கருதி வெளுக்கவைத்துவிடும்; ஒயிட் பேலன்ஸை 'டேலைட்' (பகல் வெளிச்சம்) அமைப்பில் வைத்து எடுப்பது நல்லது.

நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி: உச்சியில் மட்டும் வெயில் நிற்கும் வேளைக்கு உங்கள் ஊர்ப் பேச்சில் சொல் இருக்கிறதா? இருந்தால் 'முகட்டுவெயில்' என்பதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.