சந்திரலேகாவை யார் பெயரில் எழுதுவது? உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பகுதிப் பெரியவர்களுக்கு மாதம் ஒருமுறை பழைய தமிழ்ப் படம் போட்டுக் காட்டுகிறோம். அந்தப் படத்தின் இயக்குநர் எடுத்த படங்களின் பட்டியலைத் தாளில் அச்சிட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. அங்கேதான் சிக்கிக்கொண்டேன்.

1948-இல் வெளிவந்த 'சந்திரலேகா'வை இயக்கத் தொடங்கியவர் டி. ஜி. ராகவாச்சாரி. பாதிக்கு மேல் எடுத்த பிறகு, தயாரிப்பாளர் எஸ். எஸ். வாசனோடு கருத்து வேறுபாடு வந்து விலகிவிட்டார். மீதியை வாசனே எடுத்தார். இயக்குநர் என்ற பெயரும் அவருக்கே போயிற்று. பாதிப் படம் எடுத்தவரை ஒரு வரிகூடக் குறிப்பிடாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 'மந்திரி குமாரி'யில் (1950) இந்தக் குறை இல்லை. எல்லிஸ் ஆர். டங்கன் நடுவில் விலக, டி. ஆர். சுந்தரம் முடித்தார், இருவர் பெயரையும் சொல்கிறார்கள்.

தாத்தா வைத்திருந்த 'சந்திரலேகா' பாட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. ஆனால் துருப்பிடித்த கம்பி முன்பக்கங்களை அரித்துவிட்டது. பாடல்கள் மட்டுமே மிச்சம். உங்கள் வீட்டுப் பெட்டியில் முழுப் புத்தகம் இருந்தால், இயக்குநர் பெயர் இருக்கக்கூடிய முதல் இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். படப்பிடிப்புக் காலத்துப் பத்திரிகை விளம்பரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

பட்டியல் தயாரித்துப் பழகியவர்களிடம் ஒரு கேள்வி: ராகவாச்சாரி பெயரின் கீழும் இப்படத்தைச் சேர்த்து, பக்கத்தில் 'ஒரு பகுதி' என்று குறிக்கலாமா? எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.