திரிஸ்தான் டா குன்ஹா: ரெஜிபோம் மாதிரிக்கு அளவுத்திட்டம், எலிப் பிரச்சினை – உதவி தேவை

கிளிநொச்சி_புவியியல்:
வணக்கம். உயர்தர வகுப்பில் எரிமலைத் தீவு என்றால் எந்த நேரமும் ஹவாய்தான். இந்த முறை தென் அத்திலாந்திக்கின் திரிஸ்தான் டா குன்ஹாவை எடுத்து, ரெஜிபோமில் (பொதி கட்டுகிற வெள்ளை நுரைத்தகடு) ஒரு தரைத்தோற்ற மாதிரியும் பக்கத்தில் உயிரினப் படமும் செய்ய யோசனை. வன்னியில் கண்ணுக்கெட்டின தூரத்துக்கு மலையே இல்லை, அதனால் உயரம் பிள்ளைகளுக்குக் கையில் பிடிபட வேணும். 1:50,000 என்று பார்த்தால் சிகரம் வெறும் 4 சென்ரிமீற்றர்தான் வருது. அந்தத் தீவுக்கூட்டத்தின் நாலு தீவையும் (திரிஸ்தான், நைட்டிங்கேல், இனெக்சசிபிள், கோ) ஒரே பலகையில் வைக்கலாமா? அல்பட்ரோஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சைத் தின்கிற எலி எந்தத் தீவில்? பிள்ளைகள் ஆளுக்கொரு பதில் கொண்டு வருகினம்.

மாங்குளம்_வரைபடம்:
ரீச்சர், 1:50,000ஐ மாத்த வேண்டாம், நிலைக்குத்தை (உயரத்தை) மட்டும் பெருப்பியுங்கோ. பிரதான தீவின் குறுக்களவு ஏறத்தாழ 12 கி.மீ., அதாவது பலகையில் 24 செ.மீ. குயின் மேரி சிகரம் 2,062 மீற்றர். 200 மீற்றருக்கு ஒரு 10 மி.மீ. ரெஜிபோம் தகடு என்று வைத்தால் பத்துத் தகடு, மேலே ஒரு மெல்லிய மட்டைத்துண்டு. நிலைக்குத்து மிகைப்பு 2.5 மடங்கு. அதைக் கட்டாயம் மாதிரியிலேயே எழுதி ஒட்டுங்கோ, இல்லாட்டில் பிள்ளைகள் சாய்வைப் பிழையாக அளப்பினம்.

எல்லாரும் விடுகிற பிழை, கரையிலிருந்தே ஒரே சீராகச் சரித்துக் கொண்டுபோய் நெற்குவியல் மாதிரி ஆக்கிவிடுவது. உண்மையில் தீவைச் சுற்றிச் செங்குத்துப் பாறைதான், சுமார் 600 மீற்றர் வரை. ஆகவே முதல் மூன்று தகட்டையும் கிட்டத்தட்ட ஒரே வெட்டில் எடுங்கோ, விளிம்பு 2–3 மி.மீ. மட்டும் உள்ளே போகட்டும். அதுக்கு மேலே கொஞ்ச உயரத்துக்குச் சாய்வு குறைவு, பிறகு கூம்பு. உச்சியில் எரிவாய் ஏரி இருக்கு, இதய வடிவம். கரண்டிக் காம்பால் ஒரு சின்னக் குழி போதும்.

வடமேற்கில்தான் ஊர். எடின்பரோ ஒஃப் த செவன் சீஸ், இருநூற்றுச் சொச்சம் பேர். ஊர் இருக்கிற சமவெளி முதல் தகட்டின் உயரத்துக்கே வராது. அந்த இடத்தில் மூன்று தகட்டையும் 2 செ.மீ. அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு 3 மி.மீ. மட்டை வையுங்கோ. ஏன் ஒரே ஒரு ஊர் என்ற கேள்விக்குப் பதிலும் அதிலேயே தெரியும்.

பசை: பைண்டர் கம். சுப்பர் குளூவும் ஸ்பிரே பெயின்ற்றும் வேண்டாம், ரெஜிபோமை அரிச்சுத் துளையாக்கிப் போடும். தண்ணீர் கலக்கிற எமல்சன்தான் பூச வேணும். பைண்டர் நல்லாக் காயமுதல் பூசினால் தகடு நழுவும்.

மற்றத் தீவுகளை அந்தப் பலகையில் வைக்க ஏலாது. நைட்டிங்கேல், இனெக்சசிபிள் இரண்டும் 35–45 கி.மீ. தள்ளி, 70–90 செ.மீ. வரும். கோ தீவு ஏறத்தாழ 400 கி.மீ. தெற்கே. இலங்கையின் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு! உங்கட அளவில் 8 மீற்றர், வகுப்பறைச் சுவரையும் தாண்டிப் போகும். 1:20,00,000இல் தனிப்படம் கீறுங்கோ, 20 செ.மீ.க்குள் அடங்கும்.

ஒட்டுசுட்டான்_பறவை:
எலிக் கேள்விக்கு: படத்தில் மூன்று நிறம் போடுங்கோ. திரிஸ்தானில் பேரெலியும் சுண்டெலியும் உண்டு. பேரெலி 1882இல் கரைதட்டிய ஒரு கப்பலில் வந்தது. கோ தீவில் சுண்டெலி மட்டும். நைட்டிங்கேல், இனெக்சசிபிள் இரண்டிலும் எலியே இல்லை. அதனால்தான் உலகிலேயே மிகச் சிறிய பறக்காத பறவையான இனெக்சசிபிள் ரெயில் அங்கே இன்னும் ஓடித்திரியுது.

குஞ்சைத் தின்கிறது கோ தீவுச் சுண்டெலி. திரிஸ்தான் அல்பட்ரோஸ் ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் குஞ்சு பொரிக்குது, இரண்டு வருசத்துக்கு ஒரு முட்டை. குஞ்சு குளிர்காலம் முழுக்கக் கூட்டில் தனிய இருக்கும். தரையில் வேட்டையாடுகிற பாலூட்டியைக் காணாத இனம், கடிபட்டாலும் எழும்பி ஓடத் தெரியாது. சுண்டெலி இரவில் வந்து அதே காயத்தைத் திரும்பத் திரும்ப அரிக்கும்.

2021 குளிர்காலத்தில் பிரொடிபக்கூம் என்ற எலி நஞ்சு கலந்த தானிய உருண்டையை ஹெலிகொப்டரால் தீவு முழுக்கத் தூவினார்கள். குளிர்காலம் ஏனென்றால் தீன் குறைவு, எலி பெருகுவதும் குறைவு. உருண்டையைத் தின்னக்கூடிய கோ கானாங்கோழிகளையும் கோ பன்ரிங் குருவிகளையும் முதலே பிடித்துக் கூட்டில் பராமரித்தார்கள். அப்படியும் அந்த டிசம்பரிலேயே உயிரோடு சுண்டெலி தென்பட்டது. வயல் எலிக்கு மருந்து வைக்கிறவை தொண்ணூறு வீதம் செத்தால் சந்தோசப்படுவினம், தீவில் அது தோல்வி. ஒரு சினையெலி தப்பினாலே பழையபடி நிரம்பும்.

கிளிநொச்சி_புவியியல்:
மெத்தப் பெரிய உபகாரம். வரலாற்றுப் பகுதிக்கு எந்த ஆண்டுகள் போதும்?

முல்லை_கடல்:
1506 போர்த்துக்கேயர் கண்டது, 1816 பிரித்தானியப் படை வந்தது. அடுத்த வருசம் படை திரும்ப, அந்தப் படையிலிருந்த வில்லியம் கிளாஸ் குடும்பத்தோடு தங்கினார், ஊர் அதிலிருந்துதான். 1961 ஒக்டோபரில் ஊருக்குப் பக்கத்திலேயே எரிமலை வெடிச்சு எல்லாரையும் இங்கிலாந்துக்கு ஏற்றினார்கள், 1963இல் பெரும்பாலானோர் திரும்பினர். எரிகுழம்பு சிங்கிறால் தொழிற்சாலையை மூடியது, வள்ளம் இறக்கிற கரையும் போச்சு. மாதிரியில் ஊரின் கிழக்கு ஓரத்தில் கடலுக்குள் நீட்டினபடி கறுப்புப் பூசுங்கோ.

2011 மார்ச்சும் சேருங்கோ: சோயா ஏற்றிய ஒலிவா கப்பல் நைட்டிங்கேலில் மோதி எண்ணெய் கசிந்து, ஆயிரக்கணக்கான ரொக்ஹொப்பர் பென்குவின்கள் எண்ணெயில் தோய்ந்தன. எலியில்லாத் தீவு என்பதால் கப்பலிலிருந்து எலி இறங்கிவிடுமோ என்பது எண்ணெய்க்கு அடுத்த பயம்.